தேதி போடாத உத்தரவு: கொள்ளைநோய்க் காலத்தில் அரசின் அதிகாரம் எதுவரை?

வாசகர் கேள்வி:

"அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு சின்னக் கல்யாண மண்டபம் நடத்துகிறோம். 2021 மே மாதம் தாலுகா ஆபீசிலிருந்து வந்து, கொரோனா தனிமை மையம் வைக்க வேண்டும் என்று சாவியை வாங்கிப் போனார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. ஆகஸ்ட் கடைசியில்தான் சாவி திரும்பி வந்தது. வாடகை, கரண்ட் பில், உடைந்த சாமான் எதற்கும் இன்றுவரை ஒரு ரூபாய் வரவில்லை. அதே மே மாதம் எதிர்க்கடையில் வேலை பார்த்த பையன் மீது 188-இல் வழக்குப் போட்டார்கள். இப்போது வெளிநாட்டு வேலைக்குப் போலீஸ் சான்று கேட்டால் அந்த வழக்கு குறுக்கே நிற்கிறது. நிபா என்று செய்தி வரும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. நாளைக்கு இன்னொரு நோய் வந்தால், தேதியே போடாமல் 'மறு உத்தரவு வரும் வரை' என்று ஒரு வரி எழுதி எங்களை மூடிவிட முடியுமா? சட்டசபையோ பார்லிமென்டோ இதற்கு எந்த வரம்பும் வைக்கவில்லையா?"
(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், வட மாவட்ட வாசகி)

பதில்:

மண்டபத்திலிருந்து தொடங்குகிறேன் அம்மா. உங்கள் மூன்று கேள்விகளில் பணம் திரும்பி வர வழியுள்ளது அது ஒன்றில்தான். காலமும் ஏற்கெனவே நிறையக் கடந்துவிட்டது.

தனியார் கட்டடத்தை அரசு கையகப்படுத்திப் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு இடம் தருகிறது. தேசிய, மாநில செயற்குழுக்களுக்கும், கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும், அவை அதிகாரம் கொடுத்த அலுவலருக்கும்தான் அந்த அதிகாரம். உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. தாசில்தார் போனில் சொன்னார், ஆர்.ஐ. வந்து சாவி வாங்கினார் என்பதெல்லாம் அதில் சேராது. தேவை இருக்கும் காலத்தைத் தாண்டி வைத்திருக்கக் கூடாது என்று 65(2) சொல்கிறது. கடைசி நோயாளி ஜூலை மத்தியில் போய்விட்டு, சாவி ஆகஸ்ட் கடைசியில் வந்திருந்தால், நடுவில் உள்ள வாரங்களுக்கு அவர்களிடம் பதில் இருக்காது. அடுத்து வரும் 66-ஆவது பிரிவில் இழப்பீடு கட்டாயம். கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம் என்ற பேச்சு அங்கே இல்லை.

இழப்பீட்டுக் கணக்கு எப்படி? அந்தக் கட்டடத்துக்குக் கிடைக்கும் வாடகை. வாடகைக்கு விடாத கட்டடமானால் அந்தப் பகுதியில் அதே மாதிரிக் கட்டடத்துக்குள்ள வாடகை. இதனால் வீட்டையோ தொழிலையோ வேறு இடத்துக்கு மாற்ற வேண்டி வந்திருந்தால் அதற்கான நியாயமான செலவு. பிரிவு சொல்வது இவ்வளவுதான். கைநழுவிய முன்பதிவின் லாபம் அதில் இல்லை. உடைந்த மின்விசிறி, கிழிந்த ஜமக்காளம், அடைத்துப்போன கழிவறைக் குழாய் இவற்றுக்கும் அந்தப் பிரிவில் நேரடி வரி கிடையாது. அவற்றைத் தனிக் கோரிக்கையாக, சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவரின் சொத்தைப் பறிக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 300ஏ உறுப்பைக் காட்டிக் கேட்க வேண்டும்.

பலர் சறுக்குவது கோரும் தொகையில். வைகாசி முகூர்த்த நாள் வாடகையை எடுத்து மே முதல் ஆகஸ்ட் வரை நாள்கணக்கில் பெருக்கி ஒரு பெரிய தொகையைப் போடுவார்கள். அதைப் பார்த்ததுமே எதிர்த்தரப்பு, "ஆடி மாதத்தில் எந்தக் கல்யாணம்? ஊரடங்கில் ஐம்பது பேருக்கு மேல் கூடவே அனுமதி இல்லையே, மண்டபம் எப்படி ஓடியிருக்கும்?" என்று கேட்கும். அதற்குப் பதில், பிரிவு நஷ்டத்தைப் பற்றிப் பேசவில்லை, வாடகையைப் பற்றித்தான் பேசுகிறது என்பதே. ஆனால் அந்தப் பதில் எடுபட வேண்டுமானால் நீங்களும் வாடகையைத்தான் கேட்டிருக்க வேண்டும். உங்கள் பகுதியில் அதே சதுர அடியுள்ள மண்டபமோ கிடங்கோ மாத வாடகைக்குப் போன ஒப்பந்த நகல் ஒன்றிரண்டு கிடைத்தால் அதை அடிப்படையாக வையுங்கள். முகூர்த்த நாள் வாடகையை மாற்றுக் கணக்காக மட்டும் காட்டுங்கள்.

எழுத்தில் உத்தரவு இல்லை என்பதால் ஆதாரமே இல்லை என்று நினைக்காதீர்கள். மின்வாரியத்தில் அந்த இணைப்பின் இரண்டு மாதக் கணக்கு விவரத்தை வாங்குங்கள். கல்யாணமே நடக்காத மாதங்களில் யூனிட் ஏறியிருப்பது நல்ல சாட்சி. முன்பதிவு நோட்டு, அட்வான்ஸ் திருப்பிக் கொடுத்த ரசீது, வங்கிக் கணக்கு, மையத்தின் பேனர் தெரியும் போட்டோ, அப்போது வந்த வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் தேதி வாரியாகக் கோத்து வையுங்கள்.

அதோடு ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன் வாடகை தரவில்லை?" என்று கேட்டால், விளக்கம் தர வேண்டியதில்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்த முகவரியில் இயங்கிய மையத்துக்கான கையகப்படுத்தும் உத்தரவின் நகல், பொறுப்பேற்ற மற்றும் ஒப்படைத்த பதிவுகளின் நகல், அங்கே இருந்தவர்களுக்குச் சாப்பாடு வழங்கிய செலவுப் பட்டியல், கடைசியாக ஆள் வெளியேறிய தேதி. சாப்பாட்டு பில்லில் உங்கள் மண்டபத்தின் பெயர் இருந்துவிட்டால், "நாங்கள் எடுக்கவேயில்லை" என்று சொல்ல அவர்களால் முடியாது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பதில் கையில் வந்ததும், திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மனு கொடுத்து, மனு எண் உள்ள ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதே மனுவை ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி, டெலிவரி ஆன விவரத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

"மேற்படி கட்டடம் … தேதி முதல் … தேதி வரை தனிமைப்படுத்தும் மையமாகத் தங்கள் நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தது. இது 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிரிவு 65-இன் கீழ் எடுக்கப்பட்டதாயின், பிரிவு 66-இன்படி இழப்பீட்டை நிர்ணயித்து வழங்கும்படியும், வேறு சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டதாயின் அந்தச் சட்டம், பிரிவு, உத்தரவு எண் ஆகியவற்றைத் தெரிவிக்கும்படியும், எந்தச் சட்டத்தின் கீழும் இல்லையாயின் அரசியலமைப்பு உறுப்பு 300ஏ-இன்படி பயன்பாட்டுத் தொகையும் சேதத் தொகையும் வழங்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

மூன்று வழியையும் ஒரே மூச்சில் கேட்பதற்குக் காரணம் உண்டு. 65-ஆவது பிரிவு கட்டடத்தை எடுப்பது பற்றிப் பேசுமிடத்தில் "மீட்புப் பணிக்கு" என்கிறது. தனிமை மையம் மீட்புப் பணியா என்று வக்கீல்கள் வாதாடலாம். அந்த வாதத்தை நீங்களே தூக்கிப் பிடித்தால் 66-ஆவது பிரிவின் வாடகை உரிமையையும் கூடவே இழப்பீர்கள். இன்னொரு பக்கம், "தொற்றுநோய்ச் சட்டத்தில் எடுத்தோம்" என்று அவர்கள் சொல்லவும் வாய்ப்புண்டு. 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2-ஆவது பிரிவில் செலவும் "இழப்பீடு ஏதேனும் இருந்தால்" அதுவும் யாரால் எப்படித் தரப்படும் என்பதை அரசு தீர்மானிக்கலாம் என்றுதான் இருக்கிறது. அதை வைத்து உரிமையாகக் கேட்பது கடினம். எந்தப் பிரிவு என்பதுதான் இங்கே பணத்தைத் தீர்மானிக்கிறது.

அவர்கள் ஒரு தொகையை நிர்ணயித்து அது குறைவாக இருந்தால், முப்பது நாளுக்குள் நடுவரிடம் அனுப்பக் கோரி அரசுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த முப்பது நாளைத் தவறவிடாதீர்கள். பதிலே வராவிட்டால், அரசுக்கு உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. முன்சீப் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். இந்தச் சட்டத்தின் கீழ் செய்த காரியங்களை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தவிர வேறு நீதிமன்றம் விசாரிக்க 71-ஆவது பிரிவு தடை போட்டிருக்கிறது. ரிட்டுக்குக் குறிப்பிட்ட காலக்கெடு இல்லை என்றாலும் தாமதத்துக்கு விளக்கம் கேட்பார்கள். இதுவரை நடையாக நடந்ததற்கு என்ன தாள் இருக்கிறதோ அதுதான் அந்த விளக்கம். நல்லெண்ணத்தோடு செய்த அலுவலருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆகவே எந்த அலுவலரையும் பெயர் சொல்லித் தாக்காதீர்கள். அந்தப் பாதுகாப்பு அலுவலருக்குத்தான். அரசு கொடுக்க வேண்டிய வாடகையை அது அழித்துவிடாது.

இனி அந்தப் பையனின் வழக்கு. முதலில் எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்து எந்தெந்தப் பிரிவு என்று பாருங்கள். அரசு ஊழியர் முறையாகப் பிறப்பித்த உத்தரவை மீறியதற்கான இந்திய தண்டனைச் சட்டம் 188 மட்டும் இருந்தால் வழக்கு மிகப் பலவீனமானது. அந்தக் குற்றத்துக்குச் சம்பந்தப்பட்ட அரசு ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தால்தான் மாஜிஸ்திரேட் வழக்கைக் கையிலெடுக்க முடியும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195-ஆவது பிரிவு. போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு நடத்த இடமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. இது தெரிந்ததால்தான் பல எஃப்.ஐ.ஆர்.களில் 188-உடன் 269-ஐயும் சேர்த்திருப்பார்கள். உயிருக்கு ஆபத்தான தொற்றைப் பரப்பக்கூடிய கவனக்குறைவான செயல் அது. அதற்கு 195-இன் தடை கிடையாது. அப்படிச் சேர்த்திருந்தால், பையனுக்குத் தொற்று இருந்ததா, பரிசோதனை நடந்ததா, கடையில் அவன் என்ன செய்ததால் நோய் பரவும் என்று எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் எழுதியிருக்காது.

அடுத்தது காலக்கெடு. 188, 269 இரண்டுக்குமே அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. அப்படிப்பட்ட குற்றங்களை ஓராண்டுக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்திருக்க வேண்டும். கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள காலத்தைக் கெடுவிலிருந்து நீக்கியது. அந்தச் சலுகையைப் போலீசுக்கே கொடுத்தாலும் 2023 பிப்ரவரியோடு கெடு முடிந்துவிட்டது. அதற்குள் குற்றப்பத்திரிகை போகவில்லை என்றால் வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றது, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 528. பேரிடர் சட்டத்தின் 51-ஐயும் சேர்த்திருந்தால் கொஞ்சம் கவனம்: சாதாரண மீறலுக்கு ஓராண்டு, உயிர்ச்சேதமோ அதற்கான உடனடி ஆபத்தோ ஏற்பட்டதாகச் சொன்னால் இரண்டாண்டு வரை தண்டனை. இரண்டாவது வகை என்றால் கெடு மூன்றாண்டாகிவிடும்.

இரண்டு எச்சரிக்கை. 2021 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் பத்து லட்சம் வாபஸ் என்று அறிவித்தார். அதைக் காட்டி "உன் வழக்கும் போயிருக்கும்" என்று யாராவது சொல்வார்கள். அறிவிப்பு பிப்ரவரி, பையனின் வழக்கு மே. நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். இன்னொன்று, அந்த நாட்களில் கோர்ட்டில் நிறுத்தி "ஒப்புக்கொள், அபராதத்தோடு முடிந்துவிடும்" என்று சொல்லிக் கட்டவைத்திருந்தால், அது முடிந்துபோன விஷயமல்ல, தண்டனைத் தீர்ப்பு. அப்போது ரத்து மனு பொருந்தாது. சீராய்வு மனு பற்றித்தான் வக்கீலிடம் பேச வேண்டும். எனவே வக்கீலைப் பார்க்கப் போகும் முன் அபராத ரசீது இருக்கிறதா என்று பையனிடம் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு நேர்ப்பதில்: நாள் கணக்கிலான வரம்பு நம் கொள்ளைநோய்ச் சட்டங்களில் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, ஒவ்வொரு பிரிவின் வாசகத்துக்குள்ளும் இருக்கிற வரம்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1897-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தை எடுங்கள். பம்பாயில் பிளேக் பரவியபோது அந்த ஆண்டு பிப்ரவரியில் வெள்ளைக்கார அரசு அவசரமாக நிறைவேற்றியது. அப்போது மொத்தமே நான்கு பிரிவு. மாநில அரசு எந்த நடவடிக்கையும் எடுக்கலாம், எந்த விதியும் போடலாம். விதியைச் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்ற வரி கிடையாது. எத்தனை நாள் என்ற வரியும் கிடையாது. ஆனால் கூர்ந்து படித்தால் சில நிபந்தனைகள் தெரியும். ஆபத்தான தொற்றுநோய் வந்திருக்கிறது அல்லது வரும் அபாயம் இருக்கிறது என்று அரசு திருப்தி அடைய வேண்டும். வழக்கமான சட்டங்கள் போதாது என்று கருத வேண்டும். போடும் விதி தற்காலிகமானதாக, பொது அறிவிப்பின் மூலம் வந்ததாக இருக்க வேண்டும். தேதி போடாத விதியை எதிர்க்க வேண்டுமானால் "தற்காலிக" என்ற அந்தச் சொல்தான் பிடி. 2020-இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை, கொடுங்காயமானால் ஏழாண்டு வரை என்று கடுமையாக்கினார்கள். அது தேவைதான். ஆனால் அரசின் அதிகாரத்துக்கு ஒரு கெடு வைக்கும் வாய்ப்பும் அதே மேசையில் இருந்தது, அதைத் தொடவில்லை.

144 தடை உத்தரவில் நிலைமை கொஞ்சம் மேல். இப்போது அது அந்தப் புதிய சன்ஹிதாவில் 163-ஆவது பிரிவு. மாஜிஸ்திரேட் போடும் உத்தரவு இரண்டு மாதம்தான் செல்லும். மாநில அரசு நீட்டித்தால் மேலும் ஆறு மாதம் வரை. இங்கே சட்டமே நாள் குறித்திருக்கிறது. நடைமுறையில் கெடு முடிந்ததும் அதே வாசகத்தில் புதிய உத்தரவு போடுவார்கள். காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இப்படித் திரும்பத் திரும்பப் போடுவது அதிகார துஷ்பிரயோகம் என்றும், உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றும், கட்டுப்பாடு தேவைக்கு அளவானதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. நோய்க்காகப் போட்ட தடைக்கும் இது பொருந்தும்.

2020-இல் நாட்டையே மூடியது பேரிடர் சட்டம். மார்ச் 23 அன்று மக்களவை காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் இரவு உத்தரவு வந்தது. நாடாளுமன்றம் மறுபடி கூடியது செப்டம்பர் 14. இரண்டு கூட்டத்தொடருக்கு இடையில் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அரசியலமைப்பு சொல்கிறது. அதற்குள் கூடிவிட்டார்கள், சரிதான். ஆனால் இடைப்பட்ட காலத்தில் வந்த எந்த உத்தரவும் உறுப்பினர்களின் வாக்குக்கு வரவில்லை. மத்திய உள்துறை அந்தச் சட்டத்தின் கீழ் போட்ட கட்டுப்பாடுகளை விலக்கிக்கொண்டது 2022 மார்ச் 31-இல். முதல் உத்தரவுக்கு 21 நாள். பிறகு நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக இரண்டு ஆண்டு. சட்டத்தில் கெடு இல்லாவிட்டால் இதுதான் நடக்கும்.

அப்படியானால் அந்த நாட்களில் அரசுக்குக் கடிவாளமே இல்லையா? இருந்தது. போட்டது பெரும்பாலும் நீதிமன்றங்கள், பார்த்ததும் அநேகமாக ஒரே விஷயம்தான், "இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?" கேரள அரசு தன் ஊழியர்களின் சம்பளத்தில் மாதம் ஆறு நாள் வீதம் ஐந்து மாதம் பிடித்துவைக்க உத்தரவு போட்டது. 2020 ஏப்ரல் 28-இல் அந்த உயர் நீதிமன்றம், இதற்குச் சட்ட ஆதாரம் தெரியவில்லை என்று இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களிலேயே அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அதே வேலையைச் செய்தது. ஊழியர்களுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். வெறும் உத்தரவு காலமெல்லாம் ஓடலாம். அவசரச் சட்டம் சட்டமன்றம் கூடிய ஆறு வாரத்தில் தானே செத்துவிடும். உயிரோடு இருக்க வேண்டுமானால் உறுப்பினர்கள் கையைத் தூக்க வேண்டும். அந்த வேறுபாடு சின்னதல்ல.

குஜராத்தில் தொழிற்சாலைகளில் நாளைக்கு 12 மணி நேர வேலை, இரட்டிப்பு ஓவர்டைம் கிடையாது என்று அறிவிக்கை போட்டார்கள். காட்டிய ஆதாரம், தொழிற்சாலைகள் சட்டம் 5-ஆவது பிரிவில் வரும் "பொது அவசரநிலை". போர், வெளி ஆக்கிரமிப்பு, உள்நாட்டுக் குழப்பம் இவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கு வரும் ஆபத்தைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது, கொரோனா அதில் வராது என்று 2020 அக்டோபர் 1-இல் உச்ச நீதிமன்றம் அதை அடித்துப்போட்டு, ஓவர்டைம் கூலியைக் கொடுக்கச் சொன்னது. மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றில், கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராததால் ஜாமீன் உரிமை வந்திருந்தும் ஊரடங்கைக் காரணம் காட்டி ஜாமீன் மறுக்கப்பட்டது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. தடுப்பூசி வழக்கில் 2022 மே 2-ஆம் தேதி, யாருக்கும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, ஆனால் பொது நலனுக்காக அளவான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டிலும், முகக்கவசம் போடாதவருக்கு அந்த இடத்திலேயே அபராதம் விதிக்க அரசு 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தைத் திருத்தியது. 2020 செப்டம்பரில் முதலில் அவசரச் சட்டம், பிறகு கலைவாணர் அரங்கத்தில் கூடிய சட்டமன்றத்தில் மசோதா.

எனவே அடுத்த முறை ஒரு உத்தரவு வந்தால் முதலில் அதைத் தாளாகக் கேளுங்கள். டிவியில் ஓடும் வரியும், செய்திக்குறிப்பும், வாட்ஸ்அப்பில் வரும் படமும் உத்தரவு ஆகா. தாள் வந்ததும் "பார்வை" என்று போட்டு வரிசையாக எண் கொடுத்திருக்கும் இடத்துக்குப் போங்கள். எந்த அரசாணை, எந்தத் தேதி, எந்தச் சட்டம் என்று அங்கேதான் இருக்கும். அடுத்து, "பிரிவு … இன் கீழ் வழங்கப்பட்ட அதிகாரத்தின்படி" என்ற வரி. பேரிடர் சட்டம் 34 என்றால் மாவட்ட ஆணையம், அதாவது கலெக்டர். பாதிக்கப்பட்ட பகுதிக்குள் ஆள், வண்டி வந்துபோவதை அவர் கட்டுப்படுத்தலாம். கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். கீழே உள்ளவர் "கலெக்டருக்காக" என்று போட்டிருந்தால் அவருக்கு அதிகாரம் கொடுத்த தாள் எது என்று கேளுங்கள். எல்லை வார்டு வாரியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா, முடிவுத் தேதி இருக்கிறதா என்பது கடைசி. முடிவுத் தேதி இல்லாவிட்டால் உடனே ரிட்டுக்கு ஓட வேண்டாம். முதல் சில வாரங்களில் நீதிமன்றங்கள் அரசின் கையைக் கட்டத் தயங்கும். தயங்குவதில் நியாயமும் உண்டு. மறுபரிசீலனைத் தேதி குறிக்கும்படி மனு கொடுத்துவிட்டு, மாவட்டத்தில் தொற்று எண்ணிக்கை தணிந்த பின்னும் கட்டுப்பாடு தொடர்ந்தால் அப்போது போங்கள். "முழு உத்தரவையும் ரத்து செய்" என்பதைவிட "என் வார்டில் தொற்று இல்லாதபோது என் தொழிலுக்கு இது பொருந்தாது" என்ற கோரிக்கை எடுபட வாய்ப்பு அதிகம்.

மற்ற நாடுகளில் எப்படி என்று பார்த்தால் நமக்கு இரு பக்கப் பாடமும் கிடைக்கும். இங்கிலாந்தில் சுகாதார அமைச்சர் அவசரமாக விதி போட்டால் 28 நாளுக்குள் நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும். ஆனால் அவை நீண்ட விடுப்பில் இருக்கும் நாட்கள் அந்த 28-இல் சேராது. 2020 மார்ச் 26-இல் வந்த ஊரடங்கு விதியைக் கீழவை எடுத்துக்கொண்டது மே 4-இல். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2021 மே 18 அன்று மக்கள் வாக்களித்து மாநில அரசியலமைப்பையே திருத்தினார்கள். ஆளுநரின் அவசரநிலை அறிவிப்பு 90 நாளுக்குப் பதில் 21 நாளில் முடியும், சட்டமன்றம் சம்மதித்தால்தான் நீளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் பயப்படும் நிபாவை எடுங்கள். தொற்றியவருக்கு அறிகுறி தெரிய 21 நாள் வரை ஆகலாம் என்று வைத்துக்கொண்டு, கடைசி நோயாளிக்குப் பிறகு அதன் இரு மடங்கு, 42 நாள் கண்காணித்துத்தான் பரவல் முடிந்தது என்று அறிவிக்கிறார்கள். கோழிக்கோட்டில் அப்படித்தான் நடந்தது. 21 நாள் கெடு அங்கே பாதியிலேயே அறுந்துவிடும். ஆக, நாள் குறிப்பவர் நோயின் கணக்கையும் தெரிந்து குறிக்க வேண்டும். மாநிலம் முழுவதற்கும் ஒரே கெடு வைக்காமல், வார்டு அளவிலான தனிமைப்படுத்தலுக்குச் சுகாதார அலுவலரின் கையில் 42 நாள், மாவட்டம் முழுக்க மூடுவதானால் சட்டமன்றத்தின் ஒப்புதலோடு 30 நாள் என்று பிரித்தால் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இதைத் தமிழ்நாடு செய்ய முடியுமா? முடியும். பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலின் 6-ஆவது இனம். தொற்று ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவுவதைத் தடுப்பது பொதுப்பட்டியலின் 29-ஆவது இனம். கர்நாடகம் 2020-இலும் கேரளம் 2021-இலும் தங்களுக்கென்று தொற்றுநோய்ச் சட்டம் போட்டுக்கொண்டன. மலபார் பகுதியில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த நம் 1939-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தைக் கேரளம் 2023-இல் புதிய பொது சுகாதாரச் சட்டத்தால் மாற்றியது. உங்கள் வியாபாரிகள் சங்கம் எம்.எல்.ஏ.விடம் போவதானால் "ஊரடங்கே கூடாது" என்று கேட்காதீர்கள். அதை எந்தக் கட்சியும் எடுக்காது. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நான்கே வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஒவ்வொரு உத்தரவிலும் முடிவுத் தேதி; அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்தில் அவையில் வைத்தல்; காரணமும் தொற்று எண்ணிக்கையும் சேர்த்து வெளியிடுதல்; எடுத்த கட்டடத்துக்கு 60 நாளில் வாடகை. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் இடம் இருந்தால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போக வேண்டிவரும், அது வருடக்கணக்கில் இழுக்கும். ஆகவே மசோதாவில் தனிமைப்படுத்தும் அதிகாரத்தையோ தண்டனையையோ தொடாமல், மாநில அதிகாரிகள் பிறப்பிக்கும் உத்தரவின் நடைமுறையை மட்டும் தொடும்படி எழுதித் தரச் சொல்லுங்கள்.